அறுபத்தொரு படியும் ஒரு படங்கும்

2025 ஜூலை 12, சனிக்கிழமை, காலை எட்டு மணி நாற்பது. மழை என்று சொல்ல முடியாத தூறல். மஸ்கெலியா மலைப்பக்கமிருந்து காற்று. மேலே ரோட்டில் பனிக்குள் வேனின் இரண்டு விளக்குகள் தெரிந்தன, வேன் தெரியவில்லை. எங்கள் வீட்டு வாசலிலிருந்து அந்த ரோட்டுக்கு அறுபத்தொரு படிகள். முதல் படிக்கு முன்னால் என் மனைவி நின்றாள். அவளுடைய இடது காலில், நடக்க உதவும் அந்த உடுப்பு இருந்தது. வலது கை படியோரக் கைப்பிடியான இரும்புக் குழாயைப் பிடித்திருந்தது.

யாரும் தூக்காமல், யாரும் கை கொடுக்காமல் அவள் ரோட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் இந்த வீட்டிலேயே இருப்போம். சேராவிட்டால் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு மகளுடன் கொழும்புப் பக்கம் வத்தளைக்குப் போக வேண்டும். இது முந்தின நாள் இரவு, சோறு தின்றுகொண்டே முடிவானது.

"அம்மா தானா ரோட்டுக்கு ஏறி வரட்டும்ப்பா," என்றாள் மகள். "அதுக்கப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன். வரலைன்னா நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது."

"நீ மொதல்ல அந்தப் படியில மூச்சு வாங்காம எறங்கக் கத்துக்க," என்றாள் மனைவி. "நேத்து சாயங்காலம் நடுவுல ரெண்டு தடவ உக்காந்துட்ட. நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பேச்சு மட்டும் கொறையல."

"வாதம் காலுலதானடி அடிச்சுச்சு."

மகள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இதை நான் அன்றைக்கே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். எங்களைச் சுற்றி ஒன்பது வீடுகள். அவற்றில் தூக்கக்கூடிய வயதுள்ள ஆண்கள் முன்பு பதினான்கு பேர். இப்போது ஐந்து பேர், அந்த ஐந்து பேரில் இரண்டு பேருக்கு முதுகு வலி. மற்றவர்கள் கொழும்பில். ராத்திரியில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று மகள் கேட்டபோது நான் தட்டில் இருந்த கருவேப்பிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

தூக்குவது என்பது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயம். தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயமோ தனி வீடோ ரோட்டுக்குக் கீழே இருந்தால் நோயாளியைக் கம்பளியில் போட்டோ நாற்காலியில் வைத்தோ நாலு பேர் தூக்கி மேலே கொண்டுபோவார்கள். என் மனைவியையும் அப்படித்தான் கொண்டுபோனோம். வாதம் வந்த அன்று அவள் அடுப்புக்கு முன்னால் சரிந்து கிடந்தாள். வாய் கோணி, இடது கை மடங்கி இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நான் உடுத்துகிற சாரத்தால் கட்டினோம். நாலு பேர் பிடித்தார்கள். நான் பின்னால் குடையும் அவளுடைய மருந்து எழுதும் கிளினிக் கொப்பியும் எடுத்துக்கொண்டு போனேன். இருபதாவது படியில் நாற்காலியின் ஒரு கால் முறிந்தது. அவள் ஒரு பக்கமாகச் சாய, சேலை விலகி, நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பிடித்தவர்களில் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆத்தாடி, கொழுந்துக் கூடைய சேத்து தூக்குற மாதிரி இருக்கு," என்றான். கேலிதான். கெட்ட எண்ணம் கிடையாது.

பேச்சுத் திரும்பி வர அவளுக்கு ஆறு வாரம் ஆனது. திரும்பி வந்ததும் அவள் என்னிடம் ஒழுங்காகச் சொன்ன முதல் முழு வாக்கியம் இதுதான்: "இன்னொரு தடவ என்னயத் தூக்குறதா இருந்தா, எனக்குத் தெரியாத அன்னைக்குத் தூக்குங்க."

அதன் பிறகு அவள் படியேறவில்லை. கிளினிக் நாளுக்கு மருந்தை நான் போய் வாங்கி வந்தேன். பிசியோ நோனா வீட்டுக்கு வந்து பார்த்தார். அவர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி கொடுக்கும் சிங்களப் பெண், அதனால் நோனா. வார்ட்டில் கிழவிகளிடம் பேசிப் பேசியே தமிழ் படித்தவர். அவர்தான் ஒருநாள் வாசலில் நின்று மேலே பார்த்துவிட்டு, "ஐயா, இந்தப் படி அம்மாவுக்கு ஜெயில் மாதிரி தானே," என்றார். அவர்தான் அந்த உடுப்பைப் பற்றிய செய்தியையும் கொண்டுவந்தார். கொழும்பிலிருந்து ஒரு பல்கலைக்கழகக் குழு ஆஸ்பத்திரிக்கு வருகிறது, வாதம் வந்தவர்கள் நடக்க உதவும் ஒரு ரோபோ உடுப்பைச் செய்திருக்கிறார்கள், மேட்டிலும் பள்ளத்திலும் அது வேலை செய்யுமா என்று பார்க்க மலைநாட்டில் ஒருவர் வேண்டும் என்றார்.

ரோபோ என்றதும் நான் இரும்பை நினைத்தேன். அது துணி. இடுப்பில் அகலமான பட்டை. தொடையிலும் கெண்டைக்காலிலும் ஒட்டுப் பட்டைகள். பட்டையின் பின்பக்கம் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் மோட்டாரும் பேட்டரியும். அங்கிருந்து ஒரு கறுப்புக் குழாய் இடது இடுப்பைச் சுற்றி, தொடை வழியாக, முழங்காலைத் தாண்டிச் சப்பாத்தின் முனைவரை இறங்கியது. குழாய்க்குள் ஒரு கம்பி. சப்பாத்துக்குள் இருக்கும் தகடு, கால் தரையை விட்டுக் கிளம்புவதை உணர்ந்ததும் மோட்டார் கம்பியை இழுக்கும், தொங்கிப்போன பாதம் மேலே நிமிரும். கால் தரையில் பட்டதும் கம்பி தளரும். இழுப்பது, விடுவது. அவ்வளவுதான் அதன் வேலை. இடுப்புப் பட்டையின் இடது முன்பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். என்ன நடந்தாலும் அதை அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும்.

அதைச் செய்த குழுவில் ஓர் இளம் இன்ஜினியர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மிகவும் மரியாதையானவர். ஆஸ்பத்திரி மண்டபத்தில் அவளுக்கு அதைக் கட்டினார்கள். (அந்த ஒரு நாளுக்கு மட்டும் அவளைப் பின்பக்கத் தேயிலை மலை வழியாக, சுற்றுப் பாதையில், ஒரு மணி நேரம் நடத்திக் கொண்டுபோனோம். அந்தப் பாதை பிறகு மண் சரிந்து மூடிப்போயிற்று.) முதல் அடியில் மோட்டார் கொசு மாதிரி முனகியது. அவளுடைய பாதம் தானாக நிமிர்ந்தது. அவள் பயந்து என் தோளைப் பிடித்தாள். பத்தாவது அடியில் தோளை விட்டாள். முப்பதாவது அடியில் சிரித்தாள்.

"எப்படி அம்மா இருக்கு?" என்றார் இன்ஜினியர்.

"கங்காணி மாதிரி இருக்குங்க தம்பி. பின்னாடியே நின்னு கால எடு, கால எடுங்குது."

அன்றிலிருந்து, தோட்டத்தில் வேலை வாங்குகிறவனின் பெயரே அதற்கும்: கங்காணி. காலையில், "கங்காணியக் கட்டி விடுங்க," என்பாள். மாலையில், "கங்காணி வீட்டுக்குப் போகட்டும்," என்று பட்டையை அவிழ்ப்பாள்.

என்னால் அவளைப் போலச் சிரிக்க முடியவில்லை. மூன்று வாரத்துக்கு வீட்டில் வைத்திருக்கக் கொடுத்தபோது, "இதன் விலை என்ன?" என்று நான் மூன்று தரம் கேட்டேன். இரண்டு தரம் இன்ஜினியர் சிரித்து மழுப்பினார். மூன்றாம் தரம், "செய்த செலவைப் பார்த்தால் பன்னிரண்டு லட்சம் வரும் ஐயா, ஆனால் நீங்கள் யோசிக்காதேங்கோ. கூட நனையாமல் மட்டும் பாருங்கோ," என்றார். யோசிக்காதே என்று சொன்னால் யோசிக்காமல் இருக்கிற சாதி இல்லை நான். தோட்டத்துப் பேக்டரியில் முப்பத்தொரு வருடம் தேயிலைப் பெட்டிகளை நிறுத்துக் கணக்கு வைத்தவன். ஒரு பெட்டியில் அரை கிலோ குறைந்தாலும் ராத்திரி தூக்கம் வராது. இருபத்தொரு நாளும் அந்த உடுப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தலையணைக்குக் கீழே வைத்தேன்.

அவள் முற்றத்தில் பழகினாள். பிறகு கீழ்ப்படி நாலு, பிறகு எட்டு, பிறகு பன்னிரண்டு. ஆஸ்பத்திரி மண்டபத்தில் அன்று ஏறிப் பார்த்த மரப்படி எல்லாம் ஒரே உயரம். எங்கள் படிகள் நானும் மச்சானும் மண்ணை வெட்டிக் கல் பதித்துச் செய்தவை. ஒன்று ஐந்து அங்குலம் என்றால் அடுத்தது எட்டு. ஐம்பத்திரண்டாவது படி பதினோரு அங்குலம். அங்கே ஒரு பாறை இருந்தது, உடைக்க முடியவில்லை. அந்தப் படியை நினைத்துத்தான் நான் பயந்தேன். பயப்பட வேண்டிய இடம் வேறாக இருந்தது.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். குழு எட்டு மணிக்கே வந்துவிட்டது. இன்ஜினியரும் பிசியோ நோனாவும் கீழே வந்து உடுப்பைக் கட்டிப் பார்த்தார்கள். முற்றத்தில் நடக்கவைத்தார்கள். எல்லாம் சரி. பிறகு இன்ஜினியர், மேலிருந்து படம் எடுக்க வேண்டும் என்று ஏறிப் போனார். பிசியோ நோனா நாற்பதாவது படிக்குப் பக்கத்தில் நின்றார். மகள் ரோட்டில் குடையுடன் நின்றாள். நான் மனைவிக்கு இரண்டு படி கீழே நிற்க வேண்டும், தொடக் கூடாது, தொட்டால் கணக்கு தப்பிவிடும் என்றார்கள்.

அவர்கள் மேலே போனதும் என் மனைவி, "இருங்க," என்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது இடுப்பில் படங்கு கட்டியிருந்தாள்.

கொழுந்து பறிக்கிற பெண்கள் சேலைக்கு மேல், இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை சுற்றிக் கட்டுகிற தடித்த பிளாஸ்டிக் விரிப்புதான் படங்கு. நனைந்த தேயிலைச் செடிக்குள் புகுந்து போனால் சேலை நனைந்து கிழியும், அதற்காக. முப்பத்து மூன்று வருடம் கொழுந்தெடுத்தவள். தூறலில் மலையேறுவதென்றால் படங்கு இல்லாமல் அவளுக்குக் கால் கிளம்பாது. எனக்கும் அதில் குற்றம் தெரியவில்லை. நல்லது, பன்னிரண்டு லட்சம் நனையாது என்றுதான் பட்டது. மேலே நின்று பார்த்த மகளுக்கும் அது புதிதாகத் தோன்றவில்லை. இன்ஜினியருக்குப் பனியில் அது வேறாகத் தெரியவில்லை. பிசியோ நோனா இத்தனை வருடமாகப் படங்கு கட்டிய பெண்களையே பார்த்து வருகிறவர். அவருக்கு அது சேலையின் ஒரு பகுதி.

அவள் அதைக் கட்டியது பழைய கூடைக் கயிற்றால். நூல் கயிறு. முடிச்சு வழக்கம்போல இடது இடுப்பில், வலது கையால் மட்டும் போட்டது.

நான் பேட்டரி விளக்கு பச்சையா என்று பார்த்தேன். சப்பாத்து நாடாவைப் பார்த்தேன். மறுபடி பேட்டரியைப் பார்த்தேன். படங்குக்குள் கையை விட்டுப் பெட்டி நனைகிறதா என்று தடவினேன். இப்படிப் பதினைந்து நிமிடம் அவளைத் தூறலில் நிறுத்தி வைத்தேன்.

"என்னாங்க, எனக்கு மாலை போட்டுத்தான் அனுப்புவீங்களா?" என்றாள்.

ஏறத் தொடங்கினாள்.

ஒவ்வொரு படிக்கும் முதலில் வலது கால். பிறகு குழாயைப் பிடித்து உடம்பை இழுத்து இடது கால். மோட்டார் முனகும், பாதம் நிமிரும், கல்லில் பதியும், முனகல் நிற்கும். நான் வாய்க்குள் எண்ணினேன். பத்து. பதினைந்து. இருபதாவது படியில் அவள் கொஞ்சம் நின்றாள். நாற்காலிக் கால் முறிந்த இடம் அது. இருபத்தொன்று.

"நல்லம் அம்மா, நல்லம்! காலைப் பாக்க வேணாம், முன்னுக்குப் பாருங்க!" என்றார் பிசியோ நோனா.

முப்பது தாண்டியதும் சத்தம் மாறியது போல எனக்குப் பட்டது. முனகல் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கொஞ்சம் நீண்டது. சொல்லலாமா என்று யோசித்தேன். நான் வாழ்க்கையில் எத்தனையோ சத்தம் மாறியதாகச் சொல்லி, ஒன்றும் இல்லாமல் போய், எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். சொல்லவில்லை. முப்பத்தாறு. முப்பத்தேழு.

முப்பத்தெட்டாவது படியில் அவள் இடது காலை வைத்தாள். பாதம் கீழே வரவில்லை. குதிகால் மட்டும் கல்லில் இருந்தது, முன்பாதம் வானத்தைப் பார்த்தது. மோட்டார் நிற்கவில்லை. கொசு முனகல் குளவிக் கூட்டத்தின் இரைச்சல் மாதிரி ஏறிக்கொண்டே போனது. அவள் உடம்பு பின்பக்கமாக, என் பக்கமாகச் சாய்ந்தது. வலது கை குழாயில் வெள்ளையாக இறுகியது.

"விடமாட்டேங்குது," என்றாள். "கங்காணி கால விடமாட்டேங்குதுங்க."

நான் ஒரு படி ஏறிக் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க!"

"விழுந்துருவ புள்ள!"

"விழுந்தா விழுறேன். தொடாதீங்க."

மேலேயிருந்து இன்ஜினியர், "சிவப்பை அமத்துங்கோ! அம்மா, சிவப்புப் பொத்தானை அமத்துங்கோ!" என்று கத்தினார். சிவப்புப் பொத்தான் படங்குக்குக் கீழே இருந்தது. அவளுடைய இடது கை வாதத்துக்குப் பிறகு தானாக ஒரு கரண்டியைக்கூடப் பிடித்ததில்லை. வலது கையால் அழுத்துவதென்றால் குழாயை விட வேண்டும். குழாயை விட்டால் சாய்கிற உடம்பை வலது கால் மட்டுமே தாங்க வேண்டும்.

"அம்மா! யாராச்சும் பிடிங்க, அம்மா விழப்போறாங்க!" என்று மகள் படியில் ஓடி இறங்கி வந்தாள். பிசியோ நோனா ஒரு படி இறங்கி அவளுக்கு எதிரே கையை விரித்தபடி நின்றுவிட்டார். மேலே வழுக்குகிறது, கீழே நான். எங்கள் மூன்று பேருடைய கைகளும் அவளைச் சுற்றி நீண்டு நின்றன. ஒரு கையும் அவள்மேல் படவில்லை. அப்படி நின்ற நேரத்தை மட்டும் என்னால் எண்ண முடியவில்லை.

அவள் குழாயை விட்டாள்.

வலது கை உடம்புக்குக் குறுக்கே வந்து இடது இடுப்பு முடிச்சின் நுனியைப் பிடித்து இழுத்தது. கொழுந்து மலையில் பெண்கள் படங்கை ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகப் போடுவார்கள். குளவி கிளம்பினால் கூடை, படங்கு எல்லாவற்றையும் உதறிவிட்டு ஓட வேண்டும், அவிழ்க்க நேரம் இருக்காது. அவளும் அந்த முடிச்சைத்தான் போட்டிருந்தாள். ஆனால் கயிறு நனைந்து இறுகியிருந்தது. முதல் இழுப்புக்கு வரவில்லை. இரண்டாம் இழுப்புக்கு வந்தது. படங்கு கழன்று, காற்றில் ஒரு பக்கம் விரிந்து, படியோரக் கானில் ஓடிய தண்ணீரில் விழுந்து, அதோடு பள்ளத்துக்குப் போனது. அவள் கை சிவப்புப் பொத்தானை அடித்தது. இரைச்சல் நின்றது. அதே வேகத்தில் அவள் வலது காலில் திரும்பிப் படியில் உட்கார்ந்தாள். விழவில்லை, உட்கார்ந்தாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். பிசியோ நோனா குனிந்து அவள் நாடியைப் பார்த்தார். நான் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. சுடும் பெட்டியில் கை வைத்துக்கொண்டே, அவள் பிழைத்தாள் என்ற நினைப்புக்குப் பக்கத்திலேயே பன்னிரண்டு லட்சம் என்ற நினைப்பும் வந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

"போதும் அம்மா. இன்னைக்குப் போதும்," என்றாள் மகள். அழுதிருந்தாள். "நாலு பேரக் கூப்பிடுறேன். மெதுவா மேல தூக்கிட்டுப் போயிரலாம்."

"எவன் தூக்குறான்னு பாக்குறேன்," என்றாள் மனைவி.

"அப்ப கீழ போவோம்."

"கீழ எறங்குறதுக்கா முப்பத்தெட்டுப் படி ஏறினேன்?"

அவள் உட்கார்ந்திருந்தது எங்கள் வீட்டைப் பார்த்தபடி. கூரைத் தகரத்தில் நான் போன வருடம் அடித்த தார் தெரிந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் லயத்தில், அடுத்த வீட்டுக்காரன் இருமினால் விழித்துக்கொண்டு கிடந்தவள் அவள். ஏழு பேர்ச் அளவே உள்ள காணியில் எங்கள் இருவருடைய ஓய்வுக்காலச் சேமலாப நிதிப் பணத்தையும் போட்டுக் கட்டிய வீடு அது. நாலு பக்கமும் யாருடைய சுவரும் ஒட்டாதது. பிறகு வலது கையைப் பின்னால் நீட்டி, அடுத்த படியின் கல்லைத் தடவினாள். வலது காலை ஊன்றினாள். உந்தினாள். இடுப்பு ஒரு படி மேலே போய் உட்கார்ந்தது. செத்துப்போன உடுப்போடு இடது கால் பின்னால் இழுபட்டு வந்தது.

என்னைப் பார்த்தாள்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. எண்ணுங்க."

"முப்பத்தொம்பது," என்றேன்.

பிசியோ நோனா வழிவிட்டு ஒதுங்கினார். நாற்பது. நாற்பத்தொன்று. பின்புறமாக, உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு படியாக. நாற்பத்தைந்தில் மூச்சு வாங்கியது. நாற்பத்தெட்டில் சேலை முழுக்கச் சேறு. "படங்கு இருந்திருந்தா இப்படி ஆகுமா," என்று முணுமுணுத்தாள். இருமல் வந்தது. மகள் குடையை அவளுக்கு மேல் பிடித்தபடி ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே ஏறினாள். ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஐம்பத்திரண்டாவது, அந்தப் பதினோரு அங்குலம். முதல் உந்தலில் பாதி போய்த் திரும்பச் சறுக்கி விழுந்தாள். இரண்டாவதிலும் சறுக்கினாள். அவள் உதட்டில் நீலம் தெரிவதாக எனக்குப் பட்டது, நான் எண்ணிக்கையை விட்டுவிட்டு, "புள்ள, விட்டுரு. வத்தளையும் ஊருதான்," என்றேன்.

"நீங்க போங்க வத்தளைக்கு," என்றாள். "போய் அங்க இருக்கிற செவத்த எண்ணுங்க."

வலது கையால் இடது காலைத் தூக்கி, வலது காலுக்குக் குறுக்கே போட்டாள். குழாயின் அடிக் கம்பத்தைத் தோளால் அணைத்தாள். மூன்றாவது உந்தல். வாய்க்குள் ஒரு சத்தம் வந்தது, என்ன வார்த்தை என்று கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

"ஐம்பத்திரண்டு," என்றார் பிசியோ நோனா. நான் எண்ண மறந்திருந்தேன்.

மிச்சம் ஒன்பதையும் ஏறி அவள் ரோட்டு ஓரத் தாரில் கை வைத்தபோது ஒன்பது மணி ஐம்பது.

மகள் குடையை மடக்கிக் கீழே வைத்தாள். அவளுக்குப் பக்கத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்தாள். தன் துப்பட்டா நுனியால் அம்மாவின் முழங்கைச் சேற்றைத் துடைத்தாள்.

"ராத்திரில ஏதாச்சும் ஆனாலும் இப்படித்தான் வருவியா?"

"இப்படித்தான் வருவேன். ஒங்கப்பா டார்ச் அடிச்சு எண்ணிக்கிட்டே வருவாரு. நீ அங்கேயிருந்து போன் எடுத்து எத்தனாவது படின்னு கேளு."

மகள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். வத்தளை என்ற சொல் அதன் பிறகு அவள் வாயில் வரவில்லை.

இன்ஜினியர் வேனுக்குள் வைத்து உடுப்பைப் பிரித்துப் பார்த்தார். நான் வேன் கதவிலேயே நின்றேன். இடது இடுப்புக்கு வருகிற இடத்தில் அந்தக் கறுப்புக் குழாய் நசுங்கி, கயிற்றின் தடம் அப்படியே பதிந்திருந்தது. உள்ளே கம்பி இழுபட்டிருக்கிறது, தளர வழியில்லை.

"உதில என்ன கட்டினனீங்கள் ஐயா?"

சொன்னேன். நூல் கயிறு நனைந்தால் இறுகும் என்பதையும் சொன்னேன். தூறலில் பதினைந்து நிமிடம் நிறுத்தி வைத்தது யார் என்பதையும் சொன்னேன்.

"படங்கு கட்டுவினம் எண்டு எங்களுக்கு ஆரும் சொல்லேல்லை," என்றார். "நாங்களும் கேக்கேல்லை. பொத்தானைத் தோள்பட்டைக்கு மாத்த வேணும். குழாயைப் பட்டைக்கு உள்பக்கத்தால விட வேணும்." அவர் முகம் கவலையாக இல்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது. அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

"நான் எவ்வளவு கட்ட வேணும் தம்பி?"

"எதுக்கு?"

"இதுக்கு. மோட்டாருக்கு."

"மோட்டார் தன்னால நிண்டிருக்கும் ஐயா, கூடச் சூடேறினால் நிக்கிற மாதிரித்தான் செய்தது. அது நல்லாத்தான் இருக்கு. இந்த உறை மட்டும்தான் போச்சு. இது சைக்கிள் பிரேக் கேபிளின்ர உறை."

"சைக்கிளா?"

"ஓம்."

"பன்னிரண்டு லட்சத்துக்குள்ள சைக்கிள் சாமானா?"

"இழுக்கிறதுக்கு அதைவிட நல்ல சாமான் இல்லை ஐயா."

இரண்டாம் தரம் கேட்டேன், மூன்றாம் தரமும் கேட்டேன். அதே பதில். அடுத்த சனிக்கிழமை ஒரு புது உறையைக் கொண்டுவந்து மாட்டித் தருவதாகச் சொன்னார். அன்றைக்கே திரும்பக் கொண்டுபோக வேண்டிய உடுப்பை இன்னும் இரண்டு மாதம் எங்களிடமே விட்டுவைப்பதாகவும் சொன்னார். என் மனைவி வேன் சீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்த தடவ முடிச்ச வலது பக்கம் போடுறேன் தம்பி," என்றாள்.

"படங்கே கட்டாமல் ஏறலாமே அம்மா?"

"மழையிலயா?" என்றாள் அவள்.

அடுத்த சனிக்கிழமை அவர் மறந்துவிட்டால் என்ன செய்வது? கொழும்பில் ஆயிரம் வேலை இருக்கும். நான் திங்கட்கிழமையே பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனேன். மேடு பள்ளமான ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவன் எத்தனை பேர், சாமான் விற்கிறவன் எத்தனை பேர்? நாலாவது கடையில்தான் கிடைத்தது.

"யாருக்குங்க பெரியவரே சைக்கிளு? பேரனுக்கா?" என்றான் கடைக்காரன்.

"என் சம்சாரத்துக்கு."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உறையை அளந்து வெட்டினான். கைக்கு இருக்கட்டும் என்று இரண்டு வாங்கினேன். பஜாரில் படங்குக்குத் தடித்த பிளாஸ்டிக் ஒன்றரை மீட்டர் வாங்கினேன், நீலம்தான் இருந்தது, அவளுக்குப் பிடித்தது பச்சை. தேத்தண்ணி குடிக்கவில்லை. திரும்பி வந்து அறுபத்தொரு படி இறங்கிக் கணக்குப் பார்த்தேன். உறை ஒன்று நானூற்று ஐம்பதுப்படி இரண்டு, தொள்ளாயிரம். படங்கு அறுநூறு. பஸ் போக வர நூற்று நாற்பது. மொத்தம் ஆயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.